சனாதனம், ஒழிப்பு: இரு சொற்களின் பெயர்ப்பும் பொருட்பிறழ்வும்

1. முன்னுரை

அரசியல் மேடைத் தமிழ் இன்று சில மணி நேரத்திற்குள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் பிற இந்திய மொழிகளிலும் செய்தியாகிவிடுகிறது. அவ்வாறு பெயர்க்கப்படும் பேச்சுக்குப் பதிப்பாசிரியர் இல்லை. மொழிபெயர்த்தவர் பெயரும் தெரிவதில்லை. ஆயினும் அப்பெயர்ப்பின் விளைவு நீதிமன்றம் வரை செல்கிறது. இதற்கு அண்மைக்காலச் சான்று 2023 செப்டம்பர் 2 அன்று சென்னையில் நடைபெற்ற ‘சனாதன ஒழிப்பு மாநாடு’ ஆகும். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் நடத்திய அம்மாநாட்டில் அப்போது தமிழக அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின் பேசினார். ‘எதிர்ப்பு’ என்று பெயரிடாமல் ‘ஒழிப்பு’ என்று பெயரிட்டதை அவர் பாராட்டினார். கொசு, டெங்கு, மலேரியா, கொரோனா ஆகியவற்றை எதிர்ப்பதில் பயனில்லை, ஒழிக்கவே வேண்டும், சனாதனமும் அத்தகையதே என்றார். பாரதிய ஜனதா கட்சியின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுத் தலைவராக இருந்த அமித் மாளவியா, இது மக்கள்தொகையில் 80 விழுக்காட்டினரை இனப்படுகொலை செய்வதற்கான அழைப்பு என்று பொருள் கூறினார். அமைச்சர் அதனை மறுத்தார். இருவர்மீதும் வழக்குகள் பதிவாயின. அயோத்தியைச் சேர்ந்த சாமியார் ஒருவர் அமைச்சரின் தலைக்கு விலை அறிவித்தார்.

இரு தரப்பாரும் ஒரே தொடரைக் குறித்தே வாதிட்டனர். ஆனால் இரு தரப்பாரும் ஒரே பொருளைக் குறித்து வாதிடவில்லை. அத்தொடரின் இரு உறுப்புகளையும் தனித்தனியே ஆராய்ந்தால் இப்பிறழ்வு எங்கே நேர்ந்தது என்பது தெளிவாகும்.

2. அலிப்பூர் தந்த பொருள்

‘சனாதனம்’ என்பதற்கு ‘என்றுமுள்ளது’ என்பது வடமொழிப் பொருள். நவீன இந்திய அரசியலில் இச்சொல் பெற்ற பொருள்களுள் முதன்மையான ஒன்று கல்கத்தாவின் அலிப்பூரோடு தொடர்புடையது. 1908 ஏப்ரல் 30 அன்று நிகழ்ந்த முசாபர்பூர் குண்டுவெடிப்பை அடுத்து அரவிந்தர் கைது செய்யப்பட்டு, அலிப்பூர்ச் சிறையில் ஓராண்டு இருந்தார். சித்தரஞ்சன் தாஸ் அவருக்காக வாதாடினார். 1909 மே 6 அன்று அரவிந்தர் விடுதலையானார். அதே மாதம் 30ஆம் நாள் உத்தர்பாராவில் தர்ம இரட்சிணி சபை ஏற்பாடு செய்த கூட்டத்தில், சிறையில் தாம் பெற்ற அனுபவத்தை விரித்துரைத்தார். தேசியம் ஒரு சமயம் என்று முன்னர்க் கூறிவந்ததை மாற்றி, சனாதன தர்மமே தேசியம் என்று முடித்தார்.

உரை ஆங்கிலத்தில் அமைந்தது. ஆனால் ‘சனாதன தர்மம்’ பெயர்க்கப்படாமல் வடமொழி வடிவிலேயே நின்றது. இது நோக்கத்தக்கது. பெயர்க்கப்படாத சொல் வரையறைக்கு உட்படுவதில்லை. அதே உரையில் அரவிந்தர் அத்தருமத்தை ஒரு நாட்டிற்கு மட்டும் உரியதன்று, உலகப் பொதுவானது என்றும் கூறினார். பின்னாளில் பழமைவாத அரசியல் அவ்வுரையை எடுத்தாண்டபோது பொதுமை பற்றிய பகுதி பின்தள்ளப்பட்டு, தேசியத்தோடு ஒன்றாக்கிய பகுதியே முன்வந்தது. இவ்வாறு ‘சனாதன தர்மம்’ ஒரு கொள்கையின் பெயர் என்ற நிலையிலிருந்து ஒரு மக்கள் தொகுதியின் பெயராக நகர்ந்தது.

3. தமிழில் வேறொரு வழக்கு

தமிழில் இச்சொல் சென்ற பாதை வேறு. 1930களில் ஆலய நுழைவுப் போராட்டம் வலுப்பெற்றபோது, அதனை எதிர்த்தோரைக் குறிக்கச் ‘சனாதனிகள்’ என்னும் சொல் பரவலாக வழங்கியது. 1939 சூலை 8 அன்று வைத்தியநாதையர் தாழ்த்தப்பட்டோரையும் நாடார் ஒருவரையும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றபோது எதிர்நின்றவர்களும் இப்பெயராலேயே சுட்டப்பட்டனர். வைத்தியநாதையரும் நெற்றியில் நீறு பூசிய வைதிகரே. ஆயினும் அவரைச் சனாதனி என்று எவரும் அழைக்கவில்லை. எனவே தமிழில் இச்சொல் சமயத்தையோ சமயத்தவரையோ குறிக்காது, பிறப்பின் அடிப்படையிலான ஏற்றத்தாழ்வை என்றுமுள்ளதாகக் காக்கும் நிலைப்பாட்டைக் குறித்தது. சுயமரியாதை இயக்கமும் பொதுவுடைமை இயக்கமும் இப்பொருளையே நிலைபெறச் செய்தன.

வட இந்தியாவில் இச்சொல் தற்பெயராகவே வழங்கியது. ஆரிய சமாசத்தார்க்கு எதிராக மரபைக் காக்க முனைந்தோர் தம்மைச் சனாதனிகள் என்றனர். காந்தியடிகளும் 1921இல் ‘யங் இந்தியா’ இதழில் தம்மைச் சனாதன இந்து என்றே அறிவித்தார்; அதே கட்டுரையில் தீண்டாமையைச் சமயத்தின் பகுதியாக ஏற்க மறுத்தார்.

ஆகவே ஒரே ஒலிவடிவம் தமிழில் பிறர் தந்த பெயராகவும் இந்தியில் தற்பெயராகவும் உள்ளது. இது போலி நண்பன் எனப்படும் சொல்வகையின் அரிய உருவம்: எழுத்தும் வேரும் ஒன்று, சுட்டுப்பொருள் வேறு. சென்னையில் ‘சனாதனம்’ என்று பேசப்பட்டது, ஆங்கிலச் செய்திகளில் முதலெழுத்துப் பெரிதாக்கப்பட்ட ‘சனாதன தர்மா’ ஆயிற்று. ‘தர்மம்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டதும் அது சமயப்பெயர் ஆகிவிட்டது. இப்பிறழ்வை முழுவதும் பழமைவாதிகளின் சூழ்ச்சி என்று கூறுவதற்கில்லை. தி.மு.க.வின் கூட்டணித் தோழரும் அப்போதைய மேற்கு வங்க முதலமைச்சருமான மம்தா பானர்ஜி, சனாதன தர்மத்தைத் தாம் மதிப்பதாகவும், தம் அரசு புரோகிதர்களுக்கு உதவித்தொகை வழங்குவதாகவும் மறுமொழி கூறினார். அவர் செவியிலும் அச்சொல் சமயமாகவே விழுந்தது.

4. ‘ஒழி’ என்னும் வினை

‘ஒழிதல்’ என்னும் தன்வினையையும் ‘ஒழித்தல்’ என்னும் பிறவினையையும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி தனித்தனிப் பதிவுகளாகத் தருகிறது. அவ்வகராதியின் பதிப்பாசிரியர் ச. வையாபுரிப் பிள்ளையின் நூல்தொகுதி இன்று அலிப்பூரில் பெல்வடேர் வளாகத்துத் தேசிய நூலகத்தில் உள்ளது என்பது இங்கு நினைக்கத்தக்கது. இவ்வினையின் அடிப்படைப் பொருள் ‘இல்லாமற் போதல், நின்றுபோதல், நீங்குதல்’ என்பதாகும். ‘நீ ஒழிய’ என்பதில் விலக்குப் பொருளும், யாப்பு நூல்களின் ‘ஒழிபியல்’ என்பதில் எஞ்சியது என்னும் பொருளும் இதன் கிளைகள்.

‘ஒழிப்பு’ என்னும் தொழிற்பெயர் நவீனத் தமிழில் தொகைச்சொல்லின் பின்னுறுப்பாக வருங்கால், முன்னுறுப்பு பெரும்பாலும் இரு வகைப்படும்.

(அ) வழக்கம் அல்லது நிறுவனம்: தீண்டாமை ஒழிப்பு, ஜமீன் ஒழிப்பு, தேவதாசி முறை ஒழிப்பு, கொத்தடிமை ஒழிப்பு, இலஞ்ச ஒழிப்பு.

(ஆ) நோய் அல்லது நோய் பரப்பும் உயிர்: மலேரியா ஒழிப்பு, பெரியம்மை ஒழிப்பு, கொசு ஒழிப்பு.

முதல் வகையில் வழக்கம் நீங்குகிறது. வழக்கத்திற்கு உரியவர் நீங்குவதில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிந்தது. ஜமீன்தார்கள் இருந்தனர், இழப்பீடும் பெற்றனர். அம்பேத்கரின் 1936ஆம் ஆண்டு உரைநூலின் ஆங்கிலத் தலைப்பில் ‘அன்னிஹிலேஷன்’ என்னும் கடுஞ்சொல் உள்ளது. அது ‘குடி அரசு’ வழியாக ‘ஜாதியை ஒழிக்க வழி’ என்று தமிழுக்கு வந்தபோது எவரும் அதனைக் கொலைக்கான அழைப்பாகக் கொள்ளவில்லை. மனிதரைக் கொல்லும் அரசியலைக் குறிக்கத் தமிழ் வேறு சொற்களை வைத்துள்ளது. வங்கத்து நக்சலைட்டுகளின் ‘கதம்’ கொள்கை தமிழில் ‘அழித்தொழிப்பு’ ஆயிற்று. ஜெனொசைட் என்பது ‘இனப்படுகொலை’, ‘இன அழிப்பு’ ஆயிற்று. ‘ஒழிப்பு’ தனித்து நின்று அப்பொருளைத் தருவதில்லை.

இதற்கு மாறாக ஒரு சான்றும் உண்டு. ‘இன்னார் ஒழிக’ என்னும் முழக்கம் மனிதரையே எழுவாயாகக் கொள்கிறது. ஆனால் அது ‘வாழ்க’ என்பதன் எதிர்நிலையாக வரும் வியங்கோள் வாய்பாடு. அரசியல் வீழ்ச்சியை விரும்புவதன்றி உயிர்நீக்கத்தை வேண்டுவதாக எந்தத் தமிழரும் அதனைக் கேட்பதில்லை.

5. பெயர்ப்பின் தேர்வுகள்

மேற்கண்ட இரு வகைகளுக்கும் ஆங்கிலத்தில் இரு சொற்கள் உண்டு. வழக்கத்திற்கு ‘அபாலிஷ்’, நோய்க்கு ‘எரேடிகேட்’. தமிழுக்கு ஒரு சொல்லே. அமைச்சரின் உரை இவ்வொருமையைப் பயன்படுத்தியே இயங்கியது: மாநாட்டுத் தலைப்பில் முதல் வகையில் நின்ற சொல், கொசு, மலேரியா என்ற எடுத்துக்காட்டுகளின்வழி இரண்டாம் வகைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஆங்கிலத்திற்கு அத்தாவல் இயலாது. ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். செய்தியாளர்கள் ‘எரேடிகேட்’ என்பதைத் தேர்ந்தனர். அது பிழையன்று, ஆனால் அதனால் தீண்டாமை ஒழிப்போடும் ஜமீன் ஒழிப்போடும் இருந்த உறவு அறுந்தது. இந்தியில் ‘உன்மூலன்’ என்னும் சொல் ஜமீனுக்கும் மலேரியாவுக்கும் பொது. ஆகவே இந்தியில் இடர் ‘ஒழிப்பு’ என்பதில் எழாமல் ‘சனாதனம்’ என்பதிலேயே எழுந்தது. வங்காளியில் ‘உச்சேத்’ ஜமீன்தாரி முறைக்கும் வரும். 1996இல் கல்கத்தா நடைபாதை வணிகரை அகற்றியது போன்று மனிதரை வெளியேற்றுவதற்கும் வரும். வங்க மொழிபெயர்ப்பாளர் அதனை விடுத்து ‘விலோப்’ என்பதை ஆள்வதே தக்கது.

முதல் உறுப்பு மக்கள் தொகுதியின் பெயராகவும் இரண்டாம் உறுப்பு நோய்நீக்கமாகவும் தனித்தனியே பெயர்க்கப்பட்டு இணைந்தபோது, மூலத்தில் இல்லாத மூன்றாம் பொருள் ஒன்று தோன்றியது. இனப்படுகொலை என்னும் வாசிப்பு இம்மூன்றாம் பொருளின்மீது கட்டப்பட்டது. தமிழ் மூலத்தைக் கொண்டு அதனை நிறுவ இயலாது.

ஆயினும் முற்போக்குத் தரப்பின் மறுமொழியும் முழுமையானதன்று. ‘ஒழிப்பு என்றால் அபாலிஷ் என்பதே’ என்று அகராதியைக் காட்டி முடித்துக்கொள்ள இயலாது. நோய் உருவகத்தைச் சேர்த்தவர் பேச்சாளரே. மலேரியா ஒழிந்தால் நோயாளி பிழைக்கிறான். கொசு ஒழிந்தால் கொசு சாகிறது. இவ்விரண்டையும் ஒரே பட்டியலில் வைத்த உருவகம் தன் எல்லையைத் தானே காத்துக்கொள்வதில்லை. இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மனிதரைப் பூச்சியாகவும் தொற்றாகவும் சித்திரித்த அரசியல் எங்கே முடிந்தது என்பதை உலகம் அறியும். 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்ற அமர்வு, அமைச்சராக இருப்பவர் தம் சொல்லின் விளைவை அறிந்திருக்க வேண்டும் என்று கருத்துரைத்தது. சமத்துவத்திற்காகப் பேசுவோர் தீண்டாமை ஒழிப்பு என்னும் வகையிலேயே நிற்பது அவர்தம் கருத்துக்கும் வலிமை, மொழிக்கும் நேர்மை.

6. முடிவுரை

1829இல் பென்டிங்கு உடன்கட்டை ஏறும் வழக்கத்தைத் தடை செய்தபோது, இராதாகாந்த தேவ் முதலியோர் கல்கத்தாவில் தர்ம சபை நிறுவி, வழக்கத்தின்மீது கைவைப்பது தருமத்தின்மீது கைவைப்பதே என்று வாதிட்டனர். அவர்தம் மேல்முறையீடு 1832இல் தள்ளப்பட்டது. வழக்கம் ஒழிந்தது, சமயம் ஒழியவில்லை. வழக்கத்தின் பெயரைச் சமயத்தின் பெயராக்கிக் காட்டுவது பழமைவாதத்தின் பழைய உத்தி. இன்று அதனை ஓர் அவசர மொழிபெயர்ப்பே செய்து கொடுத்துவிடுகிறது.

ஆகவே அரசியல் உரையைப் பெயர்ப்போர் மூன்றைக் கடைப்பிடித்தல் நலம். முதலாவது, ‘சனாதனம்’ போன்ற சொல்லை வெறுமனே எழுத்துப்பெயர்த்து விடாது, மூல மொழியில் அது எதனைச் சுட்டுகிறது என்பதை ஒரு தொடரால் விளக்குதல். இரண்டாவது, மூலத்தில் இல்லாத ‘தர்மம்’ போன்ற உறுப்பைச் சேர்க்காதிருத்தல். மூன்றாவது, உருவகத்தை மென்மையாக்காமலும் கூர்மையாக்காமலும் உள்ளவாறே தருதல். கொசு என்றால் கொசு என்றே எழுதுதல். உருவகத்திற்குப் பொறுப்பு பேச்சாளருடையது. பொருளுக்குப் பொறுப்பு மொழிபெயர்ப்பாளருடையது.