வெண்பாவில் நுழையாத தலைநகரம்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மரபுக்கவிதைப் பட்டறை. வாசிக்கப்பட்ட வெண்பாக்களில் ‘தலைநகர்’ வந்தது, ‘மலைநாடு’ வந்தது. கோலாலம்பூர் ஒரு இடத்தில்கூட வரலை. கேட்டதற்கு, “நம்ம ஊர்ப் பேரெல்லாம் யாப்புல அடங்காது தம்பி” என்றார்கள்.

பொறியியல் படித்தவன் சும்மா இருப்பானா? கொமுட்டரில் கிள்ளானுக்குத் திரும்பும்போதே அசை பிரிக்க ஆரம்பித்தேன்.

அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. கோ/லா/லம்/பூர்: நான்கும் நேர். வெண்பா நாலசைச்சீரை ஏற்காது. கோலா, லம்பூர் என இரண்டாக வெட்டினால் இரண்டுமே தேமா. மா முன் நிரை வர வேண்டிய இடத்தில் நேர் வந்து தளை தட்டும். பெட்டாலிங் ஜெயாவின் கதையும் அதேதான். காய்ச்சீருக்குப் பின் நேர் வேண்டும், ‘ஜெயா’வோ நிரை.

ஆனால் வழி இல்லாமல் இல்லை. ‘கோலாலம் பூரின் தெருவெல்லாம் கொட்டும்’ என்று ஓர் அடி எழுதிப் பார்த்தேன். தளை சரியாக இருக்கிறது. இதற்குப் பெயர் வகையுளி. சீருக்காகச் சொல்லை உடைப்பது. எனக்கு இது முழுசாகப் பிடிக்கவில்லை. மலாயில் ‘கோலா’ ஆறு கூடுமிடம், ‘லம்பூர்’ சேறு. கோம்பாக்கும் கிள்ளான் ஆறும் சேரும் அந்தச் சேற்றையே நடுவில் அறுத்துவிடுகிறோம். மிஞ்சும் ‘பூர்’ ஏதோ தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர்போல ஒலிக்கிறது.

அதைவிட நல்ல வழி வாயிலேயே இருக்கு. கிள்ளானில் ரயில் ஏறுகிற யாரும் ‘கோலாலம்பூர் போறேன்’ என்பதில்லை. ‘கேயெல் போறேன்’தான். கே/யெல், தேமா. பெட்டாலிங் ஜெயா ‘பீஜே’, அதுவும் தேமா. தெரு ஏற்கெனவே சீர் பிரித்து வைத்திருக்கிறது. திருவாரூரை ஆரூர் என்று தேவாரம் பாடவில்லையா? கேயெல் கொச்சை என்று ஒதுக்கிவிட்டு ‘தலைநகர்’ என்று எழுதுகிறோம். கருவிளம் கச்சிதமாக உட்காரும், சரி. ஆனால் அந்த வெண்பாவை டில்லியில் வைத்தாலும் ஓர் எழுத்து மாற வேண்டியதில்லை. என் சண்டை யாப்போடு இல்லை, இந்தச் சோம்பலோடு.

பிரிக்பீல்ட்ஸ்கூட புளிமாதான், ஒற்றுகளைக் கண்டுகொள்ளாமல் விட்டால். ஈற்றுச்சீருக்கு ரவாங் இருக்கிறது. ஒரே நிரை, ‘மலர்’ வாய்பாடு. கிள்ளான் மட்டும் அந்த இடத்தில் உட்காராது. நேர்நேரில் முடிவதானால் கடைசியில் குற்றியலுகரம் வேண்டும். கிள்ளான்காரனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.