பாலத்தின்மேல் ஒரு பாடசாலை

தொடர்வண்டி ஆற்றுப் பாலத்தின்மீது வேகம் குறைந்து ஊர்கிறது. பாலத்தின் விளிம்பில், கால் தவறினால் என்னாகும் என்ற எண்ணமே இல்லாமல், சிறுவர்கள் அதனோடு ஓடிவருகின்றனர். "தீரே தியே!" என்று கூவிக் கையேந்துகின்றனர். 'பத்துக் காசு போடுங்கள்' என்பது அதன் பொருள். சன்னல் வழியே சிலர் காசு எறிகின்றனர். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். அர்ஜென்டினா நாட்டின் சாந்தா ஃபே நகரில் எடுக்கப்பட்ட இவ்விவரணப்படத்திற்கு அக்கூவலே பெயராயிற்று.

இதை எடுத்தவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர், மாணவர்கள். உரோமையில் திரைக்கலை பயின்று தாயகம் திரும்பிய ஃபெர்னாண்டோ பிர்ரி, 1956-இல் லித்தோரால் தேசியப் பல்கலைக்கழகத்தில் திரைப்படப் பயிலகம் ஒன்றைத் தொடங்கினார். மாணவர் கையில் அவர் முதலில் கொடுத்தது திரைப்படக் கருவியன்று. சாதாரணப் புகைப்படக் கருவியும் குறிப்பேடுமே. ஊருக்குள் செல்லுங்கள், மக்களோடு பேசுங்கள், அவர்களது முகத்தையும் சொல்லையும் அருகருகே வையுங்கள் என்பதே முதற்பாடம். அத்தகைய பயிற்சி ஒன்றிலிருந்துதான் இப்படம் பிறந்தது. இரண்டு ஆண்டுகள் மாணவர்கள் அக்குடிசைப் பகுதிக்கு மீண்டும் மீண்டும் சென்றனர். ஒருவர் கண்ணுக்குத் தப்பியதை மற்றவர் கண்டார். ஒருவர் அவசரமாய் முடிவுகட்டியதை அடுத்தவர் மறுத்தார். குழுவாய்க் கற்பதன் பயன் இதுவே.

படத்தின் தொடக்கம் நுட்பமானது. வானிலிருந்து நகரம் காட்டப்படுகிறது. பின்னணிக் குரல் அதன் பெருமைகளைப் புள்ளிவிவரங்களாக அடுக்குகிறது. காட்சி நகரின் ஓரத்துக் குடிசைகளை நெருங்கும்போது எண்கள் பொருளற்றுப் போகின்றன. எண்ணப்பட்டவர்களுக்கும் எண்ணப்படாதவர்களுக்கும் இடையே உள்ள தூரத்தை இதனினும் சுருக்கமாய்ச் சொல்ல இயலாது.

ஆயினும் ஒரு குறையை மறைப்பதற்கில்லை. எளிய கருவிகளால் செய்த ஒலிப்பதிவு தெளிவாக அமையவில்லை. ஆகவே ஏழைகளின் பேச்சின்மேல் பிரான்சிஸ்கோ பெத்ரோனே, மரியா ரோசா காயோ என்ற இரு நடிகர்களின் குரல்கள் ஏற்றப்பட்டன. அடியில் உண்மைக் குரல் மெல்லக் கேட்கிறது. மேலே பண்பட்ட உச்சரிப்பு ஒலிக்கிறது. வறியவரின் முகத்தை இரண்டு ஆண்டுகள் பொறுமையாய்ப் பார்த்த படம், அவரது குரலை மட்டும் இரவல் குரலிடம் ஒப்படைத்துவிட்டது. காரணம் தொழில்நுட்பமே என்றாலும், பார்ப்பவர் நெஞ்சில் அது முள்ளாகவே தைக்கிறது. பிறருக்காகப் பேசப் புகுவோர் யாவருக்கும் நேரக்கூடிய இடறல் இது.

அக்குறையை ஓரளவு ஈடுசெய்வது, படத்தை அவர்கள் மக்கள்முன் கொண்டுசென்ற முறை. 1958-இல் பல்கலைக்கழக மண்டபத்தில் நடந்த முதல் திரையிடலில் குடிசைப்பகுதி மக்களும் அமர்ந்திருந்தனர். ஏறத்தாழ ஒரு மணிநேரம் ஓடிய அப்படம், பின்னர் திருத்தப்பட்டு 1960-இல் 33 நிமிடங்களாகச் செறிவுற்றது. தாம் எடுத்ததைத் தாமே வெட்டத் துணிவதும் கல்வியின் ஒரு பகுதியன்றோ?

இன்று கைப்பேசி கொண்டே எவரும் படம் எடுத்துவிடலாம். ஒரே நாளில் ஓர் ஊரின் துயரைப் பதிவுசெய்து திரும்பிவிடலாம். அப்படிப் புறப்படும் நம் இளையோர் இப்படத்தை ஒருமுறை பார்ப்பது நன்று. பாலத்தின்மேல் ஓடிய அச்சிறுவரோடு சேர்ந்து நடக்க அம்மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் தேவைப்பட்டன. அப்படியும் அவர்களது குரலை முழுதாய் நமக்குக் கேட்கச் செய்ய முடியவில்லை. நாமோ வண்டியின் சன்னலோரத்தில் அமர்ந்தபடியே படம் எடுக்கிறோமா, இறங்கிச் சென்று எடுக்கிறோமா?