பாலையாவின் முகம்

நேற்று ராத்திரி 'காதலிக்க நேரமில்லை' (1964) மறுபடி பார்த்தேன். படமெடுக்கணும்னு அலையற மகன் நாகேஷ், அப்பா பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்ற காட்சி. இத்தனை வருஷமா அதை நாகேஷ் காட்சின்னே நினைச்சிருந்தேன். இந்தத் தடவை ஒலியை நிறுத்திட்டுப் பார்த்தேன். கதை போச்சு, கதவுச் சத்தம், காலடிச் சத்தம்னு நாகேஷ் வாயாலேயே போடறதெல்லாம் போச்சு. சிரிப்பு மட்டும் போகலை. பணக்கார அப்பா, இருட்டுக்குப் பயந்த குழந்தையா சுருங்கறார். சிரிப்பு அந்த முகத்தில்தான் இருக்கு.

அடுத்த வருஷமே 'திருவிளையாடல்' தருமி. மண்டபத்தில் தனியாப் புலம்பல். ஆசை, பயம், சமாதானம் எல்லாம் அவரே. அதைத்தான் நாகேஷின் உச்சம் என்பார்கள், நானும் சொல்லியிருக்கேன். இப்போ சந்தேகமா இருக்கு. பாலையாவுக்கு இடம் விட்டு, அவர் பயப்படப் பயப்படக் கதையை நகர்த்தறாரே, அந்த நாகேஷ் ஒரு படி மேலே.