பாடகரின் இடப்பக்கம்

திருச்சி வானொலியில் கச்சேரி முடிந்ததும் அறிவிப்பாளர் பெயர்களைச் சொல்வார். வாய்ப்பாட்டு இன்னார், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார். பெரம்பலூர் பக்கத்து வாலிகண்டபுரத்தில் உட்கார்ந்து சங்கீதம் கேட்கக் கற்றுக்கொண்ட எங்களுக்கு அந்த அரை நிமிஷம் பெரிய பாடம். இங்கே சபா கிடையாது. கோயில் திருவிழா என்றால் நாதஸ்வரமும் தவிலும்தான். வாய்ப்பாட்டுக் கச்சேரியை நேரில் கேட்க வேண்டுமானால் திருச்சிக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் அரியலூர், திருமானூர் வழியாகக் கொள்ளிடம் தாண்டி, தை மாதத்து ஆராதனைக்குத் திருவையாறு போக வேண்டும். ஆகவே பாடகரின் முகமோ வயலின்காரரின் வில்லோ தெரியாமல், காதை மட்டும் நம்பி வளர்ந்த ரசனை எங்களுடையது. அதில் ஒரு லாபம் உண்டு. மேடையைப் பார்க்கிறவன் கண் பாடகரைவிட்டு நகராது. வானொலி கேட்கிறவனுக்கு இரண்டு குரல்களும் ஒரே தூரம்.

அமெரிக்காவின் கன்ட்ரி பாட்டில் ஊறியவர்களுக்கும் இப்படி ஓர் இரண்டாவது குரல் உண்டு. ஹாங்க் வில்லியம்ஸ் பாடி நிறுத்தும் இடத்தில் டான் ஹெல்ம்ஸின் ஸ்டீல் கிடார் மேல் ஸ்தாயியில் அழும். 1954இல் வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாட்டில் பட் ஐசக்ஸ் காலால் பெடலை மிதித்துத் தந்திகளின் சுருதியை நழுவவிட்டார். அதற்குப் பிறகு அந்தச் சத்தம் இல்லாமல் கன்ட்ரி பாட்டே இல்லை என்றாகிவிட்டது. பக் ஓவன்ஸின் பக்கத்தில் டாம் பிரம்லி, ரே பிரைஸின் பக்கத்தில் ஜிம்மி டே, பட்டி எம்மன்ஸ் என்று அந்த ரசிகர்கள் ஜோடி ஜோடியாகவே பெயர் சொல்கிறார்கள். வாசிக்கும் விதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், தந்தியின் மேல் கட்டையை உருட்டி வாசிக்கும் நம் கோட்டுவாத்தியம்தான் அதற்கு உறவு. ஆனால் கோட்டுவாத்தியம் பெரும்பாலும் தனியாக உட்கார்ந்து வாசிக்கிற வாத்தியம். பாட்டின் கூடவே நடக்கிற வேலை என்று பார்த்தால் நம்மிடம் அது வயலின், பழைய ரசிகர்கள் வாயில் பிடில்.

இரண்டுமே வெளியூரிலிருந்து வந்தவை. ஸ்டீல் கிடார் ஹவாய்த் தீவுகளிலிருந்து போனது. வயலின் சென்னையிலிருந்த ஐரோப்பியர்களிடமிருந்து முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் கைக்கு வந்தது. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதில் தேர்ந்து, 1834இல் சுவாதித் திருநாள் மகாராஜாவிடம் தந்தத்தால் ஆன வயலினையே பரிசாகப் பெற்றார். இரண்டையும் பாட்டுக்காரர்கள் அணைத்துக்கொண்டதற்குக் காரணமும் ஒன்றே: ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் மேடு பள்ளம் கிடையாது. வீணையில் மெட்டு உண்டு. தந்தியை இழுத்துத்தான் கமகம் வாங்க வேண்டும். வயலினில் விரல் வழுக்கினால் போதும், தொண்டை போகிற இடத்துக்கெல்லாம் போகும். வெள்ளைக்காரன் தோளில் வைத்து வாசித்ததை நம்மவர்கள் தரையில் சப்பணமிட்டு, அதன் தலையை வலது காலில் ஊன்றிக்கொண்டார்கள். இடது கை வாத்தியத்தைத் தாங்க வேண்டிய அவசியம் போயிற்று. அந்தக் கை முழுக்கக் கமகத்துக்கு.

பக்கவாத்தியக்காரரின் கஷ்டம் என்னவென்று கச்சேரியில் ஆலாபனை நேரத்தில் கவனித்தால் தெரியும். என்ன ராகம் என்பது பாடகர் வாயைத் திறந்த பிறகுதான் அவருக்கே தெரிய வரும். முதல் இரண்டு ஸ்வரத்தில் பிடித்தாக வேண்டும். பிடித்தபின் பாடகர் போகும் வழியில் ஓர் இம்மி பின்னால் நிழல்போலப் போக வேண்டும். ஒட்டினால் மோதும், விலகினால் தனியாகத் தெரியும். பாடகர் மூச்சு வாங்கும்போது அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். பாடகர் விட்ட கார்வையை அப்படியே பிடித்து வைத்துக்கொள்வதா, கடைசிச் சங்கதியைத் திருப்பிச் சொல்வதா, சும்மா இருப்பதா? முடிவெடுக்க அரை விநாடிகூடக் கிடைக்காது. அப்புறம் அவருடைய முறை வரும். பாடகர் பதினைந்து நிமிஷம் விரித்ததை இவர் ஏழெட்டு நிமிஷத்தில் சொல்ல வேண்டும், அதையே சொல்லாமலும் சொல்ல வேண்டும். கீர்த்தனை வந்தால் இன்னொரு சிக்கல். ஒரே கீர்த்தனைக்கு ஒவ்வொரு வீட்டுப் பாடாந்தரம் ஒவ்வொரு மாதிரி. இன்றைக்குப் பாடுகிறவருடையது எது என்று தெரிந்திருக்க வேண்டும். நேற்று 1 கட்டையில் பாடிய ஆண் குரலுக்கு வாசித்தவர் இன்றைக்கு 5 கட்டைப் பெண் குரலுக்குத் தந்தியை மாற்றிக்கொண்டு வந்து உட்காருவார். திருவையாற்று மேடையில் ஒருவர் இறங்க அடுத்தவர் ஏற, இந்த மாற்றமெல்லாம் கண்ணெதிரே நடக்கும்.

எங்கள் ஊர்ப் பெயரில் வாலி இருக்கிறான். அவன் வழிபட்ட ஈஸ்வரன் என்பதால் வாலீஸ்வரர். எதிரே நிற்பவனின் பலத்தில் பாதி வாலிக்குப் போய்விடும் என்பது அவன் பெற்ற வரம். மேடையில் அந்த வரம் வாங்கிய வயலின்காரர்கள் உண்டு. பாடகர் ஒரு பிருகா போட்டால் இவர் இரண்டு போடுவார். கைதட்டல் இவருக்கு, களைப்பு பாடகருக்கு. கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை நேர்மாறு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தன் பாதியைக் கொடுத்துவிடுவார். அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்கு அவர் வாசித்ததைக் கேட்டால் புரியும். அரியக்குடியின் பாட்டு நடுத்தரக் காலத்தில் தங்குதடையின்றி ஓடுகிற பாட்டு. எங்கேயும் நின்று தன்னைக் காட்டிக்கொள்ளாது. அதற்குப் பிள்ளையின் வில் ஒரு வார்த்தை அதிகம் பேசாது. ஆனால் அவர் முறை வரும்போது, இரண்டே வீச்சில் ராகத்தின் முகம் வந்து நிற்கும். 1948இல் மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தது. தனிக் கச்சேரியில் அவரைவிடப் பெரிய வயலின்காரர்கள் இருந்திருக்கிறார்கள், துவாரம் வேங்கடசாமி நாயுடுவின் நாதத்துக்கு முன் யார் நிற்க முடியும்? ஆனால் பக்கவாத்தியம் என்ற ஒரு காரியத்துக்கு, என் கணக்கில் பிள்ளைக்குப் பிறகுதான் மற்றவர்கள்.

ஒலிபெருக்கி வராத காலத்தில் இந்த அடக்கம் ஓர் ஆடம்பரம். காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் கச்சேரியில் மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று லயக்காரர்களே ஒரு வரிசை உட்காருவார்கள். ‘ஃபுல் பெஞ்ச்’ என்றே அதற்குப் பெயர். அத்தனை இடிக்கு நடுவே ஒற்றை வயலினோடு உட்கார்ந்தவர் எங்கள் திருச்சிக்காரர் மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை. செம்பை வைத்தியநாத பாகவதரின் வெண்கலக் குரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மைசூர் சௌடய்யா வேறு வழி கண்டார்: நான்கு தந்தி வயலினை ஏழு தந்தியாக்கினார். பெங்களூரில் அவர் பெயரில் கட்டிய மண்டபமே வயலின் வடிவத்தில் இருக்கிறது. பாடகருக்குக் கட்டிய மண்டபம் எதுவும் தொண்டை வடிவத்தில் இல்லை. பக்கவாத்தியத்துக்கு இப்படி ஒரு மரியாதையாவது கிடைத்ததே என்று சந்தோஷப்படலாம்.

மேடையில் இடத்துக்கும் மரியாதை உண்டு. பாடகரின் வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின் என்பது வழக்கம். மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. பழனி சுப்பிரமணியப் பிள்ளை இடக்கைக்காரர். அவர் வாசித்தால் வயலின்காரர் எழுந்து மறுபக்கம் போக வேண்டும். அதற்குச் சில வித்வான்கள் சம்மதிக்கவில்லை. அதனாலேயே மகா மேதையான அவருக்குக் கச்சேரிகள் தட்டிப்போயின. செம்பை பிடிவாதமாக அவரை அழைத்து வாசிக்க வைத்த பிறகுதான் வழி திறந்தது. மேடையில் விட்டுக்கொடுக்கும் கலையில் வல்லவர்கள் உட்காரும் இடத்தில் விட்டுக்கொடுக்கவில்லை என்பது வேடிக்கைதான்.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. எங்களுக்கு ரயில் என்றால் அரியலூர். அங்கே ஏறித் திருச்சி நோக்கிப் போனால் வழியில் லால்குடி. தியாகராஜர் வந்து பஞ்சரத்தினம் பாடிய ஊர். அவருடைய சீடர் ராமய்யரின் வம்சம் வாழ்ந்த ஊர். அந்த வம்சத்தில் 1930இல் பிறந்தவர் ஜெயராமன். தந்தை கோபாலய்யரிடம் கண்டிப்பான சிட்சை. 12 வயதில் பக்கவாத்தியக்காரராக மேடை ஏறினார். பிறகு அரியக்குடி, செம்பை, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி, ஆலத்தூர் சகோதரர்கள் என்று அந்தத் தலைமுறையின் பெரியவர்கள் எல்லோர் பக்கத்திலும் உட்கார்ந்தார். இந்தப் பட்டியலை எல்லோரும் சொல்வார்கள். கவனிக்க வேண்டியது, இவர்களில் ஒருவர் பாட்டு இன்னொருவர் பாட்டு மாதிரி இல்லை என்பது. ஜி.என்.பி.யின் பிருகா மின்னல். மணி ஐயரின் ஸ்வரம் சர்வலகுவாக நீரோட்டம். ஆலத்தூர் சகோதரர்களின் பல்லவி கணக்குப் பரீட்சை. லால்குடி ஜி.என்.பி.க்கு வாசித்தால் வில் துள்ளும். மணி ஐயருக்கு வாசித்தால் அதே கை நிதானமாகும், ஸ்வரத்தின் நடுவே அவர் விடுகிற சின்ன மௌனத்தைக்கூட விட்டு வாசிக்கும். தன் பாணி என்று ஒன்று அழுத்தமாக இருந்தும் அடுத்தவர் பாணிக்குள் நுழைந்து வர முடிந்தது அவரால். சாஹித்யத்தை வாயால் பாடுவது போலவே வில்லில் எழுத்தெழுத்தாகப் பிரித்து வாசித்தது அவருடைய பெரிய சாதனை. வயலினில் வார்த்தை கேட்கும் என்று சொன்னால் நம்பாதவர்கள் அவருடைய பதிவுகளைக் கேட்கட்டும். பிற்காலத்தில் தனிக் கச்சேரி, தில்லானா என்று புகழ் வேறு திசைகளில் வளர்ந்தது. நான் அந்தப் பழைய பக்கவாத்தியப் பதிவுகளுக்கே திரும்பத் திரும்பப் போகிறேன்.

அவரோடு சேர்த்துச் சொல்லப்படும் மற்ற இருவர் டி.என். கிருஷ்ணனும் எம்.எஸ். கோபாலகிருஷ்ணனும். கிருஷ்ணனிடம் சௌக்கியம், நீண்ட வில், செம்மங்குடிக்கு அவர் வாசித்ததில் அவசரம் என்பதே இல்லை. கோபாலகிருஷ்ணன் பறவூர் சுந்தரம் ஐயரின் மகன். இந்துஸ்தானியும் கைவந்தவர், ஓம்கார்நாத் தாக்கூருக்கும் வாசித்தவர். மதுரை சோமு ராகத்தில் மூழ்கிப் போகும்போது உடன் மூழ்கி மூச்சு முட்டாமல் மேலே வர அவருக்குத் தெரியும். 2013 ஜனவரியில் அவரும் ஏப்ரலில் லால்குடியும் போனார்கள், 2020இல் கிருஷ்ணன்.

பெண்கள் பாடினால் பக்கம் வாசிக்கத் தயங்கிய ஆண்கள் அந்நாளில் உண்டு. எம்.எல். வசந்தகுமாரியின் இடப்பக்கத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உட்கார்ந்தவர் ஏ. கன்யாகுமரி. எம்.எல்.வி. ஒரு ராகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக் கிரகபேதம் செய்யும் இடங்களில் கன்யாகுமரியின் விரல் அங்கே முன்பே போய்க் காத்திருப்பதாகத் தோன்றும். 2016இல் அவர் சங்கீத கலாநிதி ஆனார், வயலினுக்காக அதைப் பெற்ற முதல் பெண். அதே பட்டத்தைத் துவாரம் பெற்றது 1941இல். இடையில் 75 ஆண்டுகள். 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியது உலகத்துக்கே தெரியும். வயலின் வி.வி. சுப்பிரமணியம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்றைக்கு வானொலி கேட்பவர் குறைவு. பழைய கச்சேரிகள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. தலைப்பில் பாடகர் பெயரும் ராகமும் இருக்கும், வயலின் பெயர் பல இடங்களில் இருக்காது. மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம் என்று ஒரு தனி நேரமாவது உண்டு. வயலினின் ஆலாபனை தொடங்கியதும் கேன்டீன் பக்கம் கிளம்புகிற பழக்கம் சபாக்களில் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய ஒலிநாடாவோ பதிவோ வைத்திருந்து வலையேற்றுகிறவர்கள் வயலின், மிருதங்கம் பெயர்களை விசாரித்துச் சேர்த்துப் போடுங்கள்; தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்கிறவர்கள், உங்களுக்கு மனப்பாடமான ஒரு கச்சேரியை எடுத்துக்கொண்டு, பாடகரை விட்டுவிட்டு வயலினை மட்டும் தொடர்ந்து ஒருமுறை கேளுங்கள். ராஜமாணிக்கம் பிள்ளை வாசித்த அரியக்குடி கச்சேரி கிடைத்தால் அதிலிருந்தே தொடங்கலாம்.