குறுஞ்செய்தியும் குழூஉக்குறியும்: சுருக்கத்தின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

1

தமிழ் செத்துக்கொண்டிருக்கிறது என்கிற ஒப்பாரிக்கு அவ்வப்போது ஒரு புதிய குற்றவாளி தேவைப்படுகிறான். ஒரு காலத்தில் சினிமா. பிறகு தனியார் தொலைக்காட்சி. இப்போது கைபேசியில் தட்டிக்கொண்டிருக்கும் பதினெட்டு வயசுப் பையனும் பொண்ணும். பிறந்தநாளுக்கு ‘ஹெச்.பி.டி.’, சாவுக்கு ‘ஆர்.ஐ.பி.’, சம்மதத்துக்கு ‘கே’ என்று ஒற்றை எழுத்து. ‘சாப்டியா’ என்பதைக்கூட ரோமன் எழுத்தில், அதிலும் உயிரெழுத்துகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுதுகிறார்கள் என்பது குற்றப்பத்திரிகை. பட்டிமன்றத்தில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கலாம். தமிழ்த்துறைக் கருத்தரங்கில் இதே சரக்கை வைத்துப் பெருமூச்சு வாங்கலாம்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு தாராளவாதக் குரல் இருக்கிறது. ‘மொழி மாறிக்கிட்டேதான் சார் இருக்கும், விடுங்க’ என்பது அதன் சாரம். அதற்கு ஆதாரங்களும் உண்டு. ‘ஓ.எம்.ஜி.’ என்பதை 1917இலேயே பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஃபிஷர் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் பயன்படுத்தியிருக்கிறார். குறுஞ்செய்தி பற்றி 2008இல் தனி நூலே எழுதிய மொழியியலாளர் டேவிட் கிரிஸ்டல், இந்தச் சுருக்கங்கள் புதியவையும் அல்ல, எழுத்தறிவைக் கெடுப்பவையும் அல்ல என்று வாதிட்டார். எனக்கு இதில் மறுப்பில்லை. ஆனால் தூய்மைவாதி, தாராளவாதி இருவருமே மொழியை ஓர் உடம்பாகப் பாவித்து அதன் ஆரோக்கியம் பற்றித்தான் பேசுகிறார்கள். எந்தச் சுருக்கத்தை யார் உண்டாக்கினார்கள், அதை விரித்துப் புரிந்துகொள்ளும் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதை இரண்டு பேருமே கேட்பதில்லை. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

2

முதலில் காசுக் கணக்கு. குறுஞ்செய்தியின் தொழில்நுட்பத் தரம் 1980களில் ஐரோப்பாவில் வகுக்கப்பட்டது. ஒரு செய்தியின் கொள்ளளவு 140 பைட். ரோமன் எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் அதில் 160 எழுத்துகள் அடங்கும். அந்த அட்டவணையில் ஸ்காண்டிநேவிய எழுத்துகளுக்கு இடம் இருந்தது, கிரேக்கப் பேரெழுத்துகள் சிலவற்றுக்கு இடம் இருந்தது, தமிழுக்கு இல்லை. தமிழில் அனுப்பினால் ஒவ்வொரு குறிக்கும் 16 பிட், ஆகவே 70 குறிகளோடு செய்தி முடிந்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளி தனிக் குறி, ஆகாரத்தின் கால் தனிக் குறி. ‘வணக்கம்’ நமக்கு ஐந்தெழுத்து, கருவிக்கு ஏழு இடம். அதையே ரோமனில் எழுதினால் எட்டு இடம். ஆக, ஒரே காசில் ரோமனில் இருபது வணக்கம் சொல்லலாம், தமிழில் பத்துதான். செய்திக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய காலத்தில், தமிழ் எழுத்தே தெரியாத மலிவுக் கைபேசியை வைத்திருந்த கட்டடத் தொழிலாளி மகன் என்ன செய்வான்? அவனைப் பார்த்து ‘ஆங்கில மோகம்’ என்று சொல்வதற்கு மனசாட்சி வேண்டாமா?

தந்தியும் இப்படித்தான் இருந்தது. 2013 ஜூலையில் அந்தச் சேவை மூடப்படும்வரை வார்த்தைக்குக் காசு. அதனால்தான் ‘அப்பா சீரியஸ், உடனே புறப்படு’ என்கிற வறண்ட மொழி உருவானது. அந்த ஆங்கில வரியைப் படித்துச் சொல்ல ஊரில் ஒரு வாத்தியாரோ தபால்காரரோ வேண்டியிருந்தது. சுருக்கியது தந்தி இலாகாவின் கட்டண விகிதம். அதை விரித்து அழுதது சனங்கள்.

இன்று அந்த 160 எழுத்துக் கட்டாயம் இல்லை. அரட்டைச் செயலிகளில் பக்கம் பக்கமாக எழுதலாம், தமிழ் விசைப்பலகை எல்லாக் கைபேசியிலும் வந்துவிட்டது. ஆனாலும் சுருக்கம் போகவில்லை. அப்படியானால் இடப்பற்றாக்குறை மட்டும் காரணமாக இருக்க முடியாது.

3

நம் இலக்கணக்காரர்களிடம் இதற்கு ஒரு விடை இருக்கிறது. நன்னூலில் பவணந்தி முனிவர் வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என்று பிரிக்கிறார். தஞ்சாவூரைத் தஞ்சை என்பது மரூஉ. அதை இயல்பு வழக்கிலேயே சேர்த்துவிடுகிறார். அதாவது சொல்லைக் குறுக்குவது அவருக்குச் சிதைவே அல்ல. தகுதி வழக்கில் மூன்று: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. சபையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது முதலாவது. செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பது இரண்டாவது. பொற்கொல்லர் தங்களுக்குள் பொன்னைப் ‘பறி’ என்பது மூன்றாவது.

இன்றைய அரட்டைச் சுருக்கங்களை இந்த மூன்றில் போட்டுப் பாருங்கள். கெட்டவார்த்தையின் முதலெழுத்துகளை மட்டும் தட்டுவது இடக்கரடக்கல். ‘ஆர்.ஐ.பி.’ மங்கலம், ‘துஞ்சினார்’ செய்த வேலையை மூன்று ஆங்கில எழுத்துகள் செய்கின்றன. அப்பா அம்மா எட்டிப் பார்த்தாலும் புரியாதபடி நண்பர்கள் வைத்துக்கொள்ளும் சங்கேதங்கள் குழூஉக்குறி. இந்த வகைப்பாட்டில் நான் கவனிப்பது, எழுத்து எத்தனை குறைந்தது என்பது இதில் ஒரு பொருட்டாகவே இல்லை. யார், யார் முன்னால், யாரை விலக்கி வைத்துப் பேசுகிறார்கள் என்பதே அளவுகோல். ஆக, சுருக்கம் என்பது ஒரு வேலி. உள்ளே இருப்பவனுக்கு அது நெருக்கம், வெளியே நிற்பவனுக்கு அது பூட்டு.

வேலி எல்லாம் ஒரே மாதிரி வேலி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வருடத்துக்கு ௵, மேற்படிக்கு ௸ என்று ஊர்க்கணக்கர்கள் ஏட்டில் சுருக்கினார்கள். அதைப் படிக்கத் தெரியாத குத்தகைக்காரன் அந்த ஏட்டின்படியே கடனாளி ஆனான். அந்தக் குறிகளுக்கு 2003இல் யுனிகோடில் இடம் கிடைத்தது. 2019இல் பின்னங்கள், அளவைகள் உட்பட மேலும் 51 குறிகள் சேர்ந்தன. ஆவணங்களைப் படிக்க அவை தேவை, வரவேற்கிறேன். ஆனால் கணக்கப்பிள்ளையின் சுருக்கம் பாரம்பரியம், பையனின் சுருக்கம் சீரழிவு என்றால் அந்தத் தீர்ப்பை எழுதுவது மொழிப்பற்று இல்லை, வேறொன்று.

4

அரட்டையில் புழங்கும் சுருக்கங்களில் நான் மிகவும் அஞ்சுவது பிள்ளைகள் கண்டுபிடித்தவற்றை அல்ல, அரசு அலுவலகத்திலிருந்து இறங்கி வந்தவற்றை. ‘ஓ.சி.’ என்ற ஈரெழுத்தை எடுத்துக்கொள்வோம். அதன் விரிவு ‘பொதுப் போட்டி’. தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு போக எஞ்சும் 31 விழுக்காட்டில் எந்தச் சாதியைச் சேர்ந்தவரும் மதிப்பெண்ணால் இடம் பெறலாம். தலித் மாணவிக்கும் அதில் உரிமை உண்டு. ஆனால் விண்ணப்பப் படிவத்தில் ‘இனம்’ என்ற கட்டத்திலும் அதே ‘ஓ.சி.’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. விரிவு உதிர்ந்துபோய் எழுத்துகள் மட்டும் நின்றபோது, பொதுவான இடத்தின் பெயர் முன்னேறிய சாதிகளின் பெயராக மாறிவிட்டது. ‘நாங்க ஓ.சி. பா’ என்று ஒருவன் அரட்டையில் எழுதும்போது சாதியைச் சொல்லாமலே சொல்லிவிடுகிறான், கூடவே 31 விழுக்காட்டுக்கும் பட்டா எழுதிக்கொள்கிறான். ‘எஸ்.சி.’ என்ற எழுத்துகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. பட்டியலில் சேர்க்கப்பட்டவர் என்பதற்கு மேல் எதையும் சொல்லாத அந்தச் சட்டச் சொல், அரட்டையில் ‘கோட்டா’ என்ற ஏளனத்தோடு ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. இரண்டும் ஒரே படிவத்தின் இரண்டு சுருக்கங்கள். ஒன்று சாதியை மறைக்கிறது, மற்றது சாதியாக மட்டுமே பார்க்கச் சொல்கிறது.

இதே ஒலிதான் நம் பேச்சில் ‘இலவசம்’ என்றும் பொருள்படுகிறது. 2022இல் அமைச்சர் ஒருவர் பெண்களின் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தை ‘ஓசி’ என்று குறிப்பிட்டபோது கோபம் கிளம்பியது நியாயம். வரிப்பணத்தில் கிடைக்கும் உரிமை ஓசியாகிவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக வந்த நிலமும் படிப்பும் எந்தக் கணக்கிலும் ஓசியாவதில்லை.

இன்னொன்று ‘குண்டாஸ்’. 1982ஆம் ஆண்டு தமிழ்நாட்டுத் தடுப்புக்காவல் சட்டத்தின் முழுப்பெயர் ஒரு நீண்ட பட்டியல். கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் குற்றவாளி, குடிசைப்பகுதி நில அபகரிப்பாளர் என்று தொடங்கி, பின்னாளில் திருட்டு வீடியோக்காரர்வரை திருத்தங்களால் வளர்ந்தது. சுருக்கியபோது அந்தப் பட்டியலிலிருந்து பொறுக்கி எடுத்தது ‘குண்டர்’ என்ற ஒற்றைச் சொல். இதன் விளைவு என்ன? விசாரணையே இல்லாமல் சிறைக்குப் போகிறவர் நாளிதழ்த் தலைப்பிலேயே குண்டராகிவிடுகிறார். 2017இல் திருமுருகன் காந்தி இந்தச் சட்டத்தில் அடைக்கப்பட்டு, பிறகு உயர்நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. ஆணை ரத்தாகலாம், தலைப்பு ரத்தாவதில்லை. இதில் வேதனை என்னவென்றால் நம் குழுக்களிலும் ‘தோழர்மேல குண்டாஸ் போட்டுட்டாங்க’ என்றுதான் தட்டுகிறோம். ‘விசாரணையில்லாமல் அடைத்துவிட்டார்கள்’ என்று எழுத இன்னும் நாலு விநாடி ஆகும். அந்த நாலு விநாடியில் ஓர் அரசியல் இருக்கிறது.

5

நம் வீட்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இடதுசாரிக் கட்சிகளின் பிளவு வரலாற்றை அடைப்புக்குறிக்குள் இருக்கும் எழுத்துகளைக் கொண்டே எழுதிவிடலாம். எங்கள் ஊர்ப் போராட்டக் குழு ஒன்றின் அரட்டையில் அமைப்புப் பெயர், சட்டப் பெயர், துறைப் பெயர் எல்லாமே மூன்றெழுத்து, நாலெழுத்து. அதில் தூய்மைப் பணியாளர் பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் தட்டுவதில்லை, குரல்செய்தி அனுப்புகிறார்கள். ‘தோழர், அந்த ஈ.எஸ்.ஐ.ன்னு போட்டீங்களே, அதுல பிள்ளைக்கு வைத்தியம் பாக்கலாமா, இல்ல நமக்கு மட்டுந்தானா?’ என்று ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு குரல். பின்னால் குழாயடிச் சத்தம். நம் ஆட்கள் பலர் அதைக் கேட்பதே இல்லை. ‘நீளமா பேசறாங்கப்பா’ என்று சலிப்பு. சுருக்கமாக எழுத முடிகிறவர்களுக்குத்தான் அங்கே பேச்சு. விரித்துக் கேட்கிறவர்களின் குரல் நீல நிறமாகாமலே கிடக்கிறது. அந்தப் பெண் கேட்டது நியாயமான கேள்வி. காப்பீடு செய்யப்பட்ட தொழிலாளியின் குடும்பத்துக்கும் அந்த மருத்துவம் உண்டு. அந்த மூன்றெழுத்தைப் போட்டவர் அதைச் சேர்த்தே எழுதியிருக்கலாம்.

சுருக்கங்களைத் தடை செய்ய வேண்டும் என்பதல்ல என் வாதம். அது தூய்மைவாதிகளின் கனவு, நிறைவேறாது, நிறைவேறவும் கூடாது. பெற்றோரும் சாதியும் வேவு பார்க்கும் ஒரு சமூகத்தில் காதலிக்கும் பெண்ணுக்குக் குழூஉக்குறி ஓர் உயிர்க்கவசம். அதை விரித்துக் காட்டு என்று கேட்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அரசுக்கும், அலுவலகத்துக்கும், கட்சிக்கும், நம்மைப் போல் எழுதுகிறவர்களுக்கும் அந்தக் கவசம் தேவையில்லை. பலமற்றவர்கள் சுருக்கிக்கொள்ளட்டும். பலமுள்ளவர்கள் விரித்துச் சொல்லியாக வேண்டும். புதிதாக உள்ளே வந்த ஒருத்தி ‘அப்படின்னா என்னங்க?’ என்று கேட்டால், சிரிக்காமல், சலிக்காமல் பதில் சொல்லும் குழுவை நான் ஜனநாயகக் குழு என்பேன். மற்றவை எத்தனை முற்போக்கான எழுத்துகளைப் பெயரில் சுமந்தாலும் சரி, பொன்னைப் ‘பறி’ என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் கூட்டங்கள்தான்.