ஆடுபுலி ஆட்டத்தில் எந்த வெட்டு செல்லும்?

தருமபுரி மாவட்டத்தில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. ஆடுகளுக்கு 15 கொட்டையும் புலிகளுக்கு 3 கூழாங்கல்லும் ஒரு கரித்துண்டும் கிடைத்தால் போதும், திண்ணை ஆடுபுலிக் களமாகிவிடும். ஆட்டம் சூடுபிடித்ததும் வழக்கும் வந்துவிடும். "ஒரே முறையில ரெண்டு ஆட்ட எப்படி வெட்டுவ?" "எங்க ஊர்ல அப்படித்தான்." இந்த வழக்குக்குத் தீர்ப்பு உண்டா? உண்டு என்பதே என் முடிவு. ஊர் வழக்கம் எதுவானாலும் சரி என்று விட்டுவிடுவது பெருந்தன்மையாகத் தோன்றும். ஆனால் அது ஆட்டத்தை மதிப்பதாகாது. ஆடு மாடுகளைக் காக்கப் புலியோடு பொருது மாண்டவர்களுக்குப் புலிகுத்திக் கல் நட்ட நிலம் இது. இங்கே இந்தப் போட்டியை அக்கறையோடு அலசுவது தகும்.

ஆட்ட விதிகளில் ஐயம் எழுவது நமக்கு மட்டும் நேர்வதல்ல. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' ஆட்டத்துக்குத் தடித்தடியாக விதிநூல்கள் உண்டு. அதன் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பு, பொது விதியும் தனி விதியும் மோதினால் தனி விதியே செல்லும் என்கிறது. அதிலும் தீராததை ஆட்டத்தை நடத்துபவர் தீர்த்துவைப்பார். நம் ஆட்டத்துக்கு அத்தகைய நூலும் இல்லை, நடத்துபவரும் இல்லை. சாட்சி சொல்ல இருப்பது களம் ஒன்றுதான். எந்தப் பொருள்கோளை ஏற்றால் இரு தரப்புக்கும் வெல்ல வழி இருக்குமோ, ஆட்டம் முடிவுக்கு வருமோ, அதையே சரியென்று கொள்கிறேன்.

வழக்கமான களத்தில் 23 முனைகள். உச்சியில் ஒன்று, அங்கிருந்து இறங்கும் நான்கு கோடுகள். அவற்றை மூன்று குறுக்குக் கோடுகள் வெட்டிச் செல்கின்றன, ஒவ்வொன்றிலும் 6 முனை. குறுக்குக் கோடுகளின் ஓரங்களை இருபுறமும் ஒரு விளிம்புக் கோடு இணைக்கிறது. அடிக்கோட்டில் 4 முனை. ஒட்டியிருக்கும் ஆட்டை நேர்கோட்டில் தாண்டி, அப்பால் உள்ள காலி முனையில் இறங்கினால் புலிக்கு அது வெட்டு. மூன்று புலிகளும் அசைய முடியாமல் அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி. இதுவரை தகராறு இல்லை.

முதல் தகராறு: எல்லா ஆடுகளையும் ஒவ்வொன்றாகக் களத்தில் வைத்து முடிக்கும் முன்பே, வைத்த ஆட்டை நகர்த்தலாமா? கூடாது. காரணத்தைக் களமே காட்டும். இரு விளிம்புகளிலும் மும்மூன்று, அடிக்கோட்டில் நான்கு என 10 ஆடுகள் நிரம்பிவிட்டால் அவற்றில் ஒன்றையும் வெட்ட முடியாது. தாண்டி இறங்க அப்பால் முனை இராது, இருந்தால் அங்கே இன்னோர் ஆடு நிற்கும். அந்த வேலியை ஒட்டி மூன்றாம் குறுக்குக் கோட்டின் நான்கு உள்முனைகளையும் ஓரத்திலிருந்து நிரப்பிக்கொண்டே போனால் அவையும் தப்பும். இந்த வேலியைக் குலைக்கப் புலிக்கு இருக்கும் வழி ஒன்றே. வேலி மூடும் முன் அதன் ஓட்டையில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தால், மேலும் மேலும் வைத்தாக வேண்டிய ஆட்டுக்காரர் ஆபத்தான முனையில் வைக்க நேரும். இடையில் நகர்த்த விட்டால் அவர் கையில் ஆடுகளை வைத்துக்கொண்டு, விளிம்பில் ஓர் ஆட்டை மேலும் கீழும் ஆட்டியே காலம் தள்ளுவார். புலியின் உழைப்பு வீணாகும். இதே காரணத்தால், எல்லாம் வைத்த பிறகு தன் முறையை விட்டுக்கொடுக்கவும் ஆட்டுக்காரருக்கு உரிமை இல்லை.

ஒரே முறையில் அடுத்தடுத்து வெட்டுவது செல்லாது என்கிறேன். இரண்டு வெட்டு விழும் நிலையில் ஆடுகளை விட்டது ஆட்டுக்காரரின் கவனக்குறைவுதானே என்பது எதிர்வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு வெட்டும் வேலியில் ஒரு பள்ளத்தை உண்டாக்குகிறது. முதல் பள்ளமே இரண்டாம் வெட்டுக்கு இறங்கு முனையாகலாம். பள்ளத்தை உடனே அடைக்கும் முறைதான் ஆட்டின் ஒரே ஆயுதம். அதைப் பறித்தால் ஒரு சறுக்கலிலேயே ஆட்டம் முடிந்துபோகும்.

வெட்டு கட்டாயமா? இல்லை. கட்டாயமாக்கினால் ஓர் ஆட்டைப் பலிகொடுத்துப் புலியை மூலைக்கு இழுத்துச் செல்வது வெறும் இயந்திர வேலையாகிவிடும். மறுக்கும் உரிமை புலிக்கு இருந்தால்தான் பலி கொடுப்பது துணிச்சலான சூழ்ச்சியாகும்.

எத்தனை ஆடு போனால் புலிக்கு வெற்றி? இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது, சச்சரவும் இதில்தான் அதிகம். ஐந்து என்பார் உண்டு, பத்து என்பார் உண்டு. நேபாளத்து ஆடுபுலி ஆட்டமான பாக்சாலில் 4 புலி, 20 ஆடு, 25 முனை. அங்கே ஐந்தாம் வெட்டோடு ஆட்டம் முடியும். இருவரும் பிழையின்றி ஆடினால் பாக்சால் சமனில் முடியும் என்று யூ ஜின் லிம், யூர்க் நீவர்கெல்ட் இருவரும் கணினிக் கணக்கால் நிறுவினார்கள். அந்த ஐந்து அந்தக் களத்துக்கு உரியது, நம் களத்துக்கு அதைக் கடன் வாங்கக் கூடாது. நம் களத்தில் மூன்று புலிகளையும் ஒரே விளிம்பில் வரிசையாக நிறுத்திப் பாருங்கள். மூன்று குறுக்குக் கோடுகளிலும் எதிரே இரண்டிரண்டு ஆடுகள் நின்றால் எந்தப் புலியும் அசையாது. ஆக, அடைக்க 6 ஆடு போதும். 5 ஆடுகளைக் கொண்டு அடைக்கும் நிலை எதுவும் இக்களத்தில் இல்லை. மூலைகளிலும் அடிக்கோட்டிலும் புலிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாலும் தேவை கூடுகிறதே தவிரக் குறையவில்லை. ஆகவே ஐந்தே ஆடு மிஞ்சும் பத்தாம் வெட்டோடு புலி வென்றது. ஐந்தாம் வெட்டில் நிறுத்துவது, இன்னும் பத்து ஆடு கையில் உள்ளவரைத் தோற்றவர் என்பதாகும். புலிகள் தாமாக வரிசையில் வந்து நிற்குமா என்று கேட்கலாம். அரிதுதான். எனினும் வெல்ல வழி இருக்கும்வரை ஆடுவது அவர் உரிமை.

கடைசியாக, ஒரே நிலை திரும்பத் திரும்ப வந்தால் யார் மாற வேண்டும்? ஆட்டுக்காரர். நெருக்கப்பட்ட புலிகளுக்குச் சில நேரம் ஒரே ஒரு நகர்வுதான் மிஞ்சியிருக்கும். அதை மாற்றச் சொல்வது, அடைக்காமலே அடைத்ததாகக் கணக்கெழுதுவதாகும். காய் மிகுந்தவரே வேறு வழி தேடட்டும். அவருக்கும் வேறு நகர்வு இல்லையென்றால் ஆட்டம் சமன்.