நாகர் என்னும் பெயர்: இரு கொள்கைகள்

"ஐயா, நாகர் மனிதரா, பாம்புகளா?" என்று அனலைதீவு மாணவன் ஒருவன் என்னை வினவினான். எம் கரைக்கு அண்மையிலுள்ள நயினாதீவையே நாகதீபம் என மரபு கூறுதலின், அவ்வினா எமக்குப் புறம்பானதன்று.

இதற்கு அறிஞர் இருவர் தந்த விடைகள் தம்முள் முரணுவன. முதலியார் செ. இராசநாயகம் 1926இல் வெளியிட்ட 'பண்டைய யாழ்ப்பாணம்' என்னும் ஆங்கில நூலில், நாகரை வடவிலங்கையில் ஆட்சி செய்த பழங்குடியினராகக் கொண்டார். பேராசிரியர் செ. பரணவிதானவோ, பாளி நூல்கள் கூறும் நாகர் மானிடரல்லர். மானிடர்க்கு மேற்பட்ட பாம்பினத்தவர் என்றார்.

முதலாவது கொள்கையைப் பின்பற்றுவோர், நாகன் என்னும் பெயரைக் கண்டவிடமெல்லாம் நாக இனத்தையும் காண்கின்றனர். முரஞ்சியூர் முடிநாகராயர், மருதனிளநாகனார் என்னும் சங்கப் புலவர் பெயரும், இளநாகன் முதலிய அநுராதபுர மன்னர் பெயரும் அவர்க்குச் சான்று. ஆயின், இவை பெயரிடும் வழக்கைக் காட்டுமேயன்றி இனத்தை நிறுவா. முருகன் என்று பெயர் பூண்டோர் அனைவரும் ஒரு குலத்தவர் ஆவரோ?

இரண்டாவது கொள்கையிலும் குறை உண்டு. மணியாசனத்தின் பொருட்டு மகோதரன், சூளோதரன் என்னும் நாக மன்னர் பொருதனர் என மகாவமிசம் கூறும். மணிமேகலையும் புத்த பீடிகைக்காக நாக மன்னர் இருவர் பொருத கதையை உரைக்கும். கதை தெய்வத்தன்மையுடையதாகலின் பெயரும் வெறுங்கற்பனை என்று துணிதல் தகாது. வல்லிபுரப் பொன்னேடு, வசப மன்னன் காலத்தில் அமைச்சன் ஒருவன் நாகதீவத்தை ஆண்டமையைக் குறிக்கின்றது. தொலமியும் இலங்கை மக்களுள் நாகதீபரைக் கூறுகின்றார். அமைச்சன் ஆண்ட நாடு பாதாளம் அன்று. எனினும், அவ்வேடு நாட்டின் பெயரைத் தருகின்றதேயன்றி, நாட்டாரின் இனத்தை உரைக்கவில்லை.

சொற்பொருளும் இங்கு முடிவு தராது. நாகம் என்பது பாம்பு, யானை, சுரபுன்னை, ஈயம் எனப் பல பொருள் குறித்த ஒரு சொல். அவரவர் தாம் முன்னரே கொண்ட முடிவுக்கு ஏற்ற பொருளைத் தேர்ந்துகொள்கின்றனர். மேலைநாட்டு லீடியர் வரலாறும் இத்தகையதே. லீடசு என்னும் அரசனால் அவர் அப்பெயர் பெற்றனர் என்று ஏரோதோத்தசு எழுதினார். ஓமரோ அந்நாட்டாரை மயோனியர் என்றார். பெயர் ஒன்றிருப்பின் அதற்கொரு முதல்வனைப் படைத்தல் பண்டையோர் இயல்பு.

ஆதலின் மாணவனுக்கு யான் கூறியது இது: "நாகதீவம் என்றொரு நாடு இருந்தது; அங்கு வாழ்ந்தோர் மனிதரே. அப்பெயரை மட்டும் கொண்டு அவரை எம் இனத்தவர் என்றோ பிறர் இனத்தவர் என்றோ உரிமை கொண்டாடுதல் வரலாறாகாது." பெயரின் பொருள் ஆராய்ச்சிக்கு வாயில், அதுவே வீடு அன்று.